ஜெர்மனியில் பனி பெய்யாத வருஷம்

ஐரோப்பாவில் வரப்போகும் குளிர்காலம் கடுமையாக இருக்கும் என்று செய்தி வந்தால், அங்கே ஜனங்கள் விறகு வாங்கி அடுக்குவார்களாம். ஆம்பூரில் நாங்கள் இனிப்பு வாங்குவோம். அங்கே குளிர் ஜாஸ்தியானால் பூட் விற்கும். முதலில் அனுப்பிய பூட் விற்றுத் தீர்ந்தால் எங்களுக்கு இரண்டாவது ஆர்டர் வரும். அதனால் உச்சி வெயிலில், பூட்டுக்குள் வைத்துத் தைக்கும் ரோமத் துணியின் தூசி கழுத்து வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க, கண்ணால் பார்த்தே இராத ஓர் ஊரில் பனி கொட்ட வேண்டும் என்று ஒரு தொழிற்சாலையே வேண்டிக்கொண்டிருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடுகிற வேலை எனக்கு. தோலைத் தொட்டுப் பார்த்து ஆடா மாடா என்று சொல்லத் தெரியாது. இங்கிலீஷ் கொஞ்சம் வரும், வாய் நிறைய உண்டு. இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டுதான் நான் வானிலை நிபுணன் ஆனேன்.

ஒரு ஆகஸ்ட் மாதம், குளிரை மூன்று நான்கு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுகிற ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. வரைபடத்தில் ஐரோப்பா முழுக்க நீலம் அடித்திருந்தார்கள். கீழே பொடி எழுத்தில், இது கணிப்புதான், மாறலாம் என்று ஏதோ இருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேனேஜர் பாயிடம் ஓடினேன்.

"நெசமாப்பா?"

"கன்ஃபார்ம் பாய். இருபது வருஷத்துல இல்லாத குளிரு."

இருபது வருஷம் நானாகச் சேர்த்தது. வெறுமனே குளிர் என்று சொன்னால் காகிதம் மொட்டையாக இருந்தது. அடுத்த வாரம் ஆற்காட்டுக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்த பாய் ஒரு டப்பா மக்கன் பேடாவோடு வந்து, முதல் பேடாவை என் வாயில் திணித்தார். "இனிமே இவன் பேரு மௌசம் சாப்" என்றார். மௌசம் என்றால் உருதுவில் வானிலை. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

பூட் லைனில் தைத்தவர்கள் இருபது பெண்கள். எல்லோரும் ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். இரண்டாவது ஆர்டர் வராவிட்டால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை லைன் மூடிவிடும், வேனும் நின்றுவிடும். முந்தைய வருஷம் அப்படித்தான் நின்றது. லைனில் மூத்தவரான அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மாதத்தில், இனி வேலையே வேண்டாம் என்று மாமியார் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். சண்டை போட்டுத் திரும்பி வந்தவர் அவர்.

அவர் ஒரு மத்தியானம் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நெசமாலுமே பனி பேயுமா?"

"பேயும்க்கா."

"விளையாடாத. வாணியம்பாடியில ஒரு கம்பெனில கூப்பிடறாங்க. செருப்பு லைன், வருஷம் பூரா வேலை. எனக்கு இந்தப் பொண்ணுங்கள வுட்டுட்டுப் போவ மனசில்ல. ஆனா இந்த வருஷமும் வேன் நின்னுச்சுனா, எங்க ஊட்ல அப்பறம் எங்கியுமே வுட மாட்டாங்க. நீ சொல்லு, போவட்டுமா, இருக்கட்டுமா?"

என் வாய் நிறைய எலுமிச்சை சாதம். நியாயமாக அதை விழுங்குகிற நேரத்திலாவது யோசித்திருக்கலாம்.

"போவாதீங்க அக்கா. பனி என் பொறுப்பு."

அவர் போகவில்லை.

அக்டோபர் வந்தது. எங்கள் பூட் போய்ச் சேரும் ஜெர்மன் ஊரின் வெப்பநிலையைத் தினமும் காலையில் போனில் பார்ப்பேன். லைனைக் கடக்கும்போது இருபது தையல் மெஷினும் ஒன்றாக நிற்கும். "பேஞ்சுதா சார்?" பெய்யவில்லை. நவம்பரில் வாடிக்கையாளர் ஒரு படம் அனுப்பினார். அவர் கடை வாசலில் ஜனங்கள் வெயில் காய்ந்துகொண்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒரு கிடா வெட்டறேன்னு வேண்டிக்கலாமா?" என்றாள் லைனில் ஒருத்தி.

"அந்த ஊரு சாமி கறி துன்னுமோ இன்னமோ" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

பாய் என்னைப் பார்க்கும் போதெல்லாம், "இன்னா மௌசம் சாப், ஜெர்மனிக்கு ரெண்டு ஃபேன் பார்சல் பண்ணலாமா?" என்பார்.

அக்கா மட்டும் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு நாள், "நேத்து லேசா தூவுச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அரையடி உயரத்துக்குக் கொட்டவைத்தேன். மூன்றாம் நாள் அவர் மெஷினை நிறுத்தினார்.

"சார், அட்டப்பெட்டி வண்டி உள்ள வந்து ஒரு மாசம் ஆவுது. ஆர்டர் வர்றதா இருந்தா பெட்டிதான் மொதல்ல வந்து எறங்கும். உன் பனி எந்த ஊர்ல பேயுது?"

அதற்கு மேல் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின நாள் வாணியம்பாடி கம்பெனிக்கு நானே போய் விசாரித்ததையும், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மெஷினில் இருந்த எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பனி பேயலன்னா அங்க இன்னாதான் பேயுது?"

"மழை."

"மழையில அவங்க இன்னா போடுவாங்க? வெறுங்கால்லயா நடப்பாங்க?"

"தெரியலக்கா."

"கேட்டியா?"

கேட்கவில்லை. மூன்று மாதமாக அந்த ஊர் வானத்தை விசாரித்தேனே தவிர, வாங்குகிற மனிதரை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது வேறு விஷயம்.

அன்றே மெயில் போட்டேன். கணுக்கால் வரைக்கும் வருகிற பூட், உள்ளே ரோமம் வேண்டாம், மாதிரி இருந்தால் உடனே அனுப்பு என்று பதில் வந்தது. மிச்சம் கிடந்த ஒரு ஜோடி உயரமான பூட்டை அக்கா எடுத்து, ரோமத்தைப் பிரித்து, கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நான் கை கழுவி வருவதற்குள் ஒன்று முடிந்திருந்தது. ஆர்டரும் வந்தது. சின்ன ஆர்டர். ஒன்பது பேர் தைத்தால் போதும்.

மற்ற பதினோரு பேரும் மார்ச் வரை வீட்டில்தான். கடைசி நாள் அவர்கள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போய் முகம் காட்டத் தைரியம் இல்லை.

அக்காவுக்கு வேலை தப்பியது, வேன்தான் சிக்கல். "ஒம்போது பேருக்கு வேனா?" என்றார் பாய். "பத்து தல இல்லாம டீசல் போட மாட்டேன்பா. மொதலாளிக்கு இன்னா பதில் சொல்றது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் குடியிருந்தது வாணியம்பாடி. வேன் வருகிற வழிதான். ஸ்கூட்டரில் ஒன்பது மணிக்கு ஜம்பமாக வந்து இறங்குகிறவன்.

"பத்தாவது தல நான் பாய்" என்றேன்.

"உனக்குத் தல இருக்குதுன்றதே டவுட்டு" என்றார் பாய். ஆனால் டீசல் போட்டார்.

அந்த டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலை ஆறரைக்கு நான் பைபாஸில் நின்றேன். மலையடிவாரத்து மூடுபனியை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வேன் வரும். ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அந்த சீட் எனக்கென்றே விடப்பட்டிருக்கும். காது வரை சால்வை போர்த்திய ஒன்பது பெண்கள், முதல் நாளே மூக்கொழுகிய என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் ஒருத்தி மப்ளர் கொண்டுவந்தாள். அது அவள் வீட்டு ஆயாவுடையது, ரோஸ் கலர். கட்டிக்கொண்டேன். வேனுக்குள் சாமந்திப்பூ, தேங்காய் எண்ணெய், பொட்டலத்தில் சூடு ஆறாத இட்லி எல்லாம் கலந்த ஒரு வாசனை இருக்கும். பாதி வழியில் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். இப்போது வேலூரில் வேறு கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நீண்டகாலக் கணிப்புகள் வருஷாவருஷம் தானாகவே போனுக்கு வருகின்றன. அந்த வாசனையை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

மார்ச்சில் பதினோரு பேரும் திரும்பி வந்தார்கள். வேன் நிரம்பிவிட்டது. என் தலை இனித் தேவையில்லை என்று பாய் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆறரைக்கு வேன் பைபாஸில் வந்தபோது நான் நின்றிருந்தேன். அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஸ்கூட்டர் ரிப்பேரா?"

"ஆமாக்கா."

என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, "கொஞ்சம் நவுந்து உக்காருங்கடி" என்றார்.