டிஸ்க் போட வழியில்லாத பெட்டி

இன்று அப்பாவுக்குத் தலைத்திவசம்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா என் கல்யாண டிவிடியை எடுத்து நீட்டினாள். கல்யாணத்துக்கு மறுநாள் ஐந்தருவியில் தலை நிறைய எண்ணெயோடு நின்று, "ஏலே, கேமராவ நனைச்சிராத!" என்று அப்பா வீடியோக்காரரை விரட்டுவார். அவர் குரல் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான்.

டிவிடி பிளேயரை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். கேம் கன்சோலிலேயே டிஸ்க் ஓடும்போது அது எதற்கு என்ற திமிர். போன மாதம் அந்தக் கன்சோலையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்கினேன்.

புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், டிஸ்க் நுழைய ஓட்டையே இல்லை.

தென்காசியில் வாங்கிய கடைக்கே ஓடினேன்.

"இந்த மாடல்ல டிஸ்க் கெடையாது அண்ணாச்சி. டிவிடி பிளேயரும் இப்பம் வைக்கதில்ல. எல்லாரும் ஆப்லதான பாக்குதாவ?" என்றார் கடைக்காரர்.

"நான் குடுத்த பழசு?"

"அது மறுநாளே போயிட்டே."

திரும்பி வந்தால், அம்மா டிவி முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். "ஏலே, கெடச்சுதா?"

நான்கு ஆப்புக்குச் சந்தா கட்டுகிறேன். எங்க அப்பா எதில் வருகிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஐந்தாவதாக அதற்கும் கட்டிவிடுகிறேன்.