புல் மெஷின்காரன் டிலக்சனின் கைகள்

மாத்தளை டவுனுக்கு மேலே, ரப்பரும் கொக்கோவும் மிளகும் கலந்து நிற்கிற தோட்டத்தில் டிலக்சனை முகத்தால் தெரிந்தவர்களைவிடச் சத்தத்தால் தெரிந்தவர்கள் அதிகம். காலை ஏழரைக்குச் சரிவில் புல் வெட்டும் மெஷின் உறுமினால் லயத்து வீடுகளில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பத்தொன்பது வயதில் தோளில் மாட்டிய மெஷின். இப்போது அவனுக்கு இருபத்து நான்கு. அதை இறக்கி வைத்துவிட்டுக் கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை.

கொரியன் பாஷைப் பரீட்சையில் அவன் தேறியதே ஒரு கூத்து. பாடம் நடந்தது சிங்களத்தில், அவன் கொப்பியில் எழுதியது தமிழில், பேச வேண்டியது கொரியனில். மூன்றும் மண்டைக்குள் முட்டிக்கொண்டாலும் முதல் தடவையிலேயே பாஸ். டவுனில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கும் அவன் மனைவி விஜிதா அன்று கடையில் எல்லோருக்கும் டொபி கொடுத்தாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இனி மிச்சம் உடம்புச் சோதனை மட்டும். அதில் முதுகின் பலத்தையும் கைப்பிடியின் பலத்தையும் பார்ப்பார்கள்.

"கைப்பிடி மீட்டரை அமுக்குனா கொறஞ்சது நாப்பத்தஞ்சு கிலோ காட்டணும். அதுக்குக் கீழ போனா கஷ்டம்" என்று கொரியன் வகுப்பு எடுத்த சேர் சொல்லியிருந்தார்.

டிலக்சனுக்கு முப்பத்தெட்டுத்தான் காட்டியது. அந்த மீட்டர் இருந்தது றிஸ்கானின் ஜிம்மில். பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் றிஸ்கான் நடத்தும் சின்ன ஜிம் அது. அங்கே ஜப்பானிலிருந்து வந்த, யாரோ பாவித்துத் தள்ளிய ஒரு அதிர்வுப் பலகை இருந்தது. ஏறி நின்று சுவிட்சைப் போட்டால் உள்ளங்கால் முதல் தொடை வரை நடுங்கும். முதல் நாள் டிலக்சன் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றான். பல்லெல்லாம் தடதடவென்று ஆடியது.

"முழங்கால மடக்கு மச்சான். நடுங்குறப்ப தசை தானா இறுகும். நீ சொல்லத் தேவையில்ல, அதுவே வேலை செய்யும்" என்றான் றிஸ்கான். "ஆனா பத்து நிமிஷம்தான்."

பலகையில் குந்தி எழும்பினான், அதிலேயே கையூன்றித் தண்டால் எடுத்தான். இறங்கிய பிறகு பாரம் தூக்கினான். இரண்டு மாதத்தில் மேட்டு லயத்துப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறினான். மீட்டர் நாற்பத்து மூன்று காட்டியது. இன்னும் இரண்டுதான். இப்படியே போயிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

மழைக்குப் பிறகு புல் முழங்காலுக்கு வளர்ந்தது. தோட்டத்தின் மற்ற மெஷின்காரன் சீகிரியாவில் ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். ரெண்டு பேர் வெட்டின ரெண்டு மலையையும் ஒருத்தன் வெட்ட முடியுமா என்று கங்காணி லெட்சுமணன் தயங்கிக்கொண்டே கேட்டார். டிலக்சன் துள்ளிக்கொண்டு சரி என்றான். அவன் புத்தி அப்படி ஓடியிருந்தது. பத்து நிமிஷம் காலை நடுக்குகிற பலகை இவ்வளவு பலம் தருமென்றால், நாள் முழுக்கக் கையை நடுக்குகிற மெஷின் எவ்வளவு தரும்? டவுன் ஜிம்மில் கர்லாக்கட்டை தூக்குகிறவனுக்கு இது தோன்றாது. பகலில் புல் மெஷினும் மாலையில் அதிர்வுப் பலகையுமாக இருக்கிறவனுக்குத்தான் தோன்றும்.

அதோடு விட்டானா? மெஷின் பிடியில் சுற்றியிருந்த ரப்பரை உரித்து எறிந்தான். கையுறையையும் கழற்றி வீட்டுக் கூரை இறவாரத்தில் செருகிவிட்டான்.

"கிளவுஸ் எங்கடா?" என்று கங்காணி கேட்டார்.

"வேணாங்க கங்காணி. நேரா கைக்குள்ள ஏறட்டும்."

"என்னத்தடா ஏறணும்?"

டிலக்சன் சிரித்துவிட்டுப் போனான். கங்காணிக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பார், அது அவனுக்கு நல்லதாகப் போயிருக்கும். ஜிம் பக்கம் போவதையும் அவன் நிறுத்திக்கொண்டான்.

ஐந்து மாதம் அப்படி ஓடியது. விரல் நுனிகள் ஊசி குத்துவதுபோல விறுவிறுத்தன. நரம்பு முழித்துக்கொள்கிறது என்று சந்தோஷப்பட்டான். குளிர்ந்த காலைகளில் இரண்டு விரல்கள் சோக்குக்கட்டி போல வெளுத்துப் போயின. விஜிதாதான் முதலில் பார்த்தாள்.

"என்னங்க இது, ரத்தமே இல்லாத மாதிரி இருக்கு?"

"பனிக்கு, விஜி."

தேத்தண்ணிக் கோப்பை இரண்டு தடவை கைநழுவியது. பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடவிக்கொண்டே நிற்பதைப் பார்த்து அவளே போட்டுவிடத் தொடங்கினாள். புதுப் பெண்டாட்டியிடம் செல்லம் கொஞ்சுகிறான் என்று பக்கத்து வீட்டார் கேலி செய்தார்கள்.

சோதனைக்கு ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கும்போது அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு றிஸ்கானின் ஜிம்முக்குப் போனான். மீட்டரை அமுக்கினான். முப்பத்தொன்று.

மீட்டரில்தான் பிழை என்று றிஸ்கான் வாங்கித் தானே அமுக்கிப் பார்த்தான். அவனுக்கு ஐம்பதுக்கு மேல் காட்டியது. டிலக்சன் மறுபடி அமுக்கினான். இருபத்தொன்பது.

"என்ன செஞ்ச நீ?"

டிலக்சன் சொன்னான். பெருமையாகத் தொடங்கி, றிஸ்கானின் முகத்தைப் பார்க்கப் பார்க்கக் குரல் இறங்கி, கடைசியில் பாதியில் நின்றுவிட்டான்.

"நான் பத்து நிமிஷம்தானே சொன்னேன்" என்றான் றிஸ்கான். "அல்லாஹ்வே, ஏன் பத்து நிமிஷம் மட்டும்னு காரணத்தச் சொல்லாம விட்டுட்டனே."

அவனே டிலக்சனை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் ஊசியால் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை வருஷம் என்று சிங்களத்தில் கேட்டார். நரம்பும் ரத்தக் குழாயும் அடிபட்டிருக்கின்றன, ஐந்து வருஷமாகச் சேர்ந்ததைக் கடைசி ஐந்து மாதம் முற்ற வைத்துவிட்டது என்றார். மெஷினை இன்றைக்கே விட வேண்டும். விட்டாலும் கை முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது.

"ஒரு கிழமைக்குள்ள சரியாகுமா, டொக்டர்?"

டாக்டர் மருந்துத் துண்டை எடுத்து எழுதத் தொடங்கினார். டிலக்சனுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

சோதனை கொழும்புப் பக்கம். விஜிதா லீவு போட்டுக்கொண்டு கூடவே போனாள், பொத்தானைப் போட்டுவிட்டாள். காலை ஊன்றி இழுத்துக் காட்டும் முதுகுப் பலத்தில் அவனுடைய வரிசையில் அவன்தான் முதல். "நல்ல கால் தம்பி" என்று பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தர் மெச்சவும் செய்தார். பலகை தந்த கால்கள். அடுத்தது கைப்பிடி. அமுக்கினான். எவ்வளவு அமுக்குகிறோம் என்று கைக்குத் தெரியவில்லை, எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எண் முப்பதைத் தாண்டவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார்கள். அதிலும் தாண்டவில்லை. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவனுக்கு. ஒருவரும் கெடுக்கவில்லை, பாடுபட்டே கெடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நாளைக் காலை கங்காணி பேர் கூப்பிடும்போது மெஷின் அங்கேதான் இருக்கும். தோட்டத்தில் அவனுக்கு வேறு வேலை கொடுப்பார்களா என்று அவனுக்குத் தெரியாது. பஸ் குருநாகலைத் தாண்டியது.

"ஏங்க, எம்மேல கோவமா?" என்றாள் விஜிதா.

"உம்மேல எதுக்குக் கோவம்?"

"கொழும்புல ஏறுனதிலேருந்து புடிச்சிக்கிட்டு வாறேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

டிலக்சன் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கை அவள் மடியில், அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது.