பிரஷர் இறங்கிய மத்தியானம்

போன வாரம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஃப்யூல் பிரஷர் நார்மல்ண்ணே" என்றார். நல்ல சேதிதான். எனக்கென்னவோ அசதியாக வந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்ரோல் வாடை என்றாலே எனக்குச் சென்னைப் பக்கத்துக் கோவளம்தான். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் நானும் ரஷீதும் கார்களுக்கு வேகம் ஏற்றிக்கொண்டிருந்தோம். வந்த வண்டிகள் குறைவு. பேசிய பேச்சு உலக ரேஸ் அளவுக்கு இருக்கும். ரஷீதுக்கென்று ஒரு சிவப்புக் கார் இருந்தது. எடை குறைய வேண்டுமென்று பின்சீட்டைப் பிடுங்கிப் போட்டிருந்தோம். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தை அதில் ஒரு சின்ன ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும். அதன் தலையில் ஒரு திருகு, அது அசையாமலிருக்க ஒரு லாக் நட், பக்கத்தில் பிரஷரைக் காட்டும் முள் வைத்த மீட்டர். திருகை உள்ளே விட்டால் பிரஷர் ஏறிப் புகை கக்கும். வெளியே வந்தால் பிரஷர் இறங்கி எஞ்சின் திணறும். கால் சுற்று கூடவா குறையவா என்று அரைநாள் சண்டை போடுவோம். வேறு கவலை இல்லாத வயசு.

ஒரு மத்தியானம் ரஷீதின் அக்கா மும்தாஜுக்கு மாசம் நிறையும் முன்பே வலி கண்டுவிட்டது. உதிரமும் போனது. வீட்டுக்காரர் சவுதியில். பார்க்க வந்த ஊர் நர்ஸம்மா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரக் காணோம். இருந்தது அந்தச் சிவப்புக் கார் ஒன்றுதான். லாத்தாவை முன்சீட்டில் சாய்த்தோம். அக்காவை ரஷீது அப்படித்தான் கூப்பிடுவான், நானும்தான். பின்னால் வெறும் தகரத்தில் குந்தி, நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

நெம்மேலி, மாமல்லபுரம் எல்லாம் பறந்து கடந்தோம். திருக்கழுக்குன்றம் ரோட்டில் வண்டி குலுங்கியது, திணறியது, நின்றேவிட்டது.

ரஷீது பானெட்டைத் தூக்கினான். "மச்சான், லாக் நட்டு லூசாயி ஸ்க்ரூ வெளிய வந்துகினு கீது! முள்ளு ஏறவே இல்ல!"

"இங்க உசுரு போய்கினு கீது, முள்ளு இன்னாடா முள்ளு!" என்று லாத்தா கத்தினார்.

ரஷீதின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. எடுத்து நானே திருகினேன். அவன் சாவியைப் போட்டான். முள் ஏறியது. இன்னும் கொஞ்சம் திருகினேன்.

"போதும்டா, பொகையா வருது."

"வரட்டும்."

நட்டை இறுக்கிவிட்டு ஏறினேன். கரும்புகையோடு செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தோம்.

லாத்தா பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. கிளம்பும் முன்பே துடிப்பு நின்றிருக்கலாம் என்றார் டாக்டர். "நீங்க இல்லன்னா நானும் போயிருப்பேன்டா" என்றார் லாத்தா.

அன்று கிளம்பும் முன் அந்த நட்டைக் கடைசியாக இறுக்கியது அவனா நானா என்று எனக்கு நினைவில்லை. அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருநாள் அடித்துக்கொண்டு மறுநாள் டீ குடித்திருப்போம். கேட்காததால் பேச்சே குறைந்துபோனது. காரை விற்றான். கொட்டகைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு மஸ்கட் போய்விட்டான்.

இப்போது அந்த இடத்தில் ஏதோ ரிசார்ட்காரர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். போன பெருநாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்துக்கு ரஷீதிடமிருந்து பதில் வந்தது. 'நன்றி சார்' என்று இருந்தது. அவசரத்தில் வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.