நீலப் பெட்டியில் மஞ்சள் நூல்

இன்று மளிகை கொண்டுவந்த தம்பி, சாமானை இறக்காமலே வாசலில் நின்றான்.

"ஆயா, போன வாரம் சாமான் வச்சுக் குடுத்த நீலப் பெட்டி இன்னும் திரும்பி வரலன்னு போன்ல காட்டுது. அத்த குடுத்தாத்தான் இத்த இறக்க முடியும்."

"அன்னைக்கே உன் கையில குடுத்தேனேப்பா."

"போன் பொய் சொல்லாது ஆயா."

அப்படியென்றால் நான்தான் திருடி.

எழுபதுகளில், இதே பிள்ளையார்பாளையத்தில், பட்டு நூலைச் சாயம் போடப் பிரம்புக் கூடையில் அனுப்புவோம். எல்லாக் கூடையும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் அவரவர் வீட்டு அடையாளமாகக் கைப்பிடியில் ஒரு நூல் கட்டுவோம். எங்களுக்கு மஞ்சள், எதிர்வீட்டு ராஜம்மாவுக்கு அரக்கு.

என் புதுக் கூடைமேல் ஆசைப்பட்ட ராஜம்மா, அந்த மஞ்சள் நூலைச் சாயத்தில் முக்கி அரக்காக்கிவிட்டாள். பிரம்பும் சேர்ந்து சிவந்துவிட்டது. கேட்டதற்கு, "வெத்தல எச்சில் பட்டுடுச்சுக்கா" என்றாள்.

கூடை வரவே இல்லை. அவள் பேரன் கல்யாணத்துக்கு நானும் போகவில்லை.

அன்று பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. நீலப் பெட்டியிலும் மஞ்சள் நூல் கட்டித்தான் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

"வண்டியில தேடிப் பாரு" என்றேன்.

இருந்தது. நூலோடு, வெங்காயம் நிறைய.

"இது யாருக்குப்பா?"

"எதிர்வீட்டு ராஜம்மா ஆயாவுக்கு."

தம்பி போனில் எதையோ தட்டிவிட்டு என் சாமானை இறக்கினான். நான் அந்த நூலில் இன்னொரு முடிச்சு இறுக்கிப் போட்டு எதிர்வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

அவள் கண்ணில் படட்டும். இது தப்பா, நீங்களே சொல்லுங்கள்.