மாரக்காள் பார்த்த மூன்றாவது புட்டி

1944-ஆம் வருஷம் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் புட்டிகளைக் கழுவி வேகவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள் மாரக்காள். பனமரத்துப்பட்டியில் கிணறு வெட்டுகிற இடங்களில் மண் சுமந்தவள். முப்பது வயதிருக்கும். ரத்தத்தைக் கண்டு அவள் பயப்படவில்லை. அது உறையாமல் இருப்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"கோழி அறுத்தா கை கழுவறதுக்குள்ள ரத்தம் கட்டியாயிருதுங்க. இது மட்டும் எப்படிங்க தண்ணியாவே நிக்குது?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டாள்.

ரத்தத்தைச் சோதிக்கும் செங்கோட்டையன் ஒரு புதுப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். அடியில் தெளிந்த நீர் கொஞ்சம் இருந்தது. "சிட்ரேட்டுன்னு ஒரு உப்பு. அதைக் கரைச்சு ஊத்தியிருக்குது. அதனாலதான் உறையறதில்ல."

அதன்பின் அவர் வேலை செய்யும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அருகில் வந்து நிற்பாள். வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு மருந்துச் சொட்டுகள், இரண்டிலும் ஒரே ஆளின் ரத்தம். தட்டை ஆட்ட ஆட்ட, ஒரு சொட்டு மணல் மணலாகத் திரளும்; மற்றது வழவழவென்றே கிடக்கும். அதை வைத்து ரத்தத்தின் வகையைச் சொல்லிவிடுவார். மேகநோய் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று வேறொரு சோதனையும் உண்டு. தேறிய புட்டிகள் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டிக்குள் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லை.

தினமும் காலையில் பெட்டியைத் துடைப்பது மாரக்காளின் வேலை. அசையாமல் நின்ற ரத்தம் இரண்டாகப் பிரிந்திருக்கும்; கீழே கருஞ்சிவப்பு, மேலே இளமஞ்சள் நீர். நடுவில் கோடு கிழித்தது போலிருக்கும். துடைக்க வேண்டியது பெட்டியை மட்டும்தான். அவளோ ஒவ்வொரு புட்டியாக உற்றுப் பார்ப்பாள்.

ஐப்பசியில் ஒரு நாள் புதுச்சத்திரத்திலிருந்து சென்னியம்மாள் என்ற பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. செங்கோட்டையன் அவள் ரத்தத்துக்குச் சேருமா என்று பார்த்து, பின்வரிசையிலிருந்த மூன்றாவது புட்டியை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"அது வேண்டாமுங்க" என்றாள் மாரக்காள்.

"ஏன்?"

"மேல மஞ்சளே இல்லீங்க. செம்பருத்தி ஊறுன தண்ணியாட்டம் இருக்குது. இன்னிக்குக் காலைலயே பாத்தனுங்க. சொன்னா வையுவீங்களோன்னு இருந்துட்டேன்."

"வழிய உடு. அங்க உசுரு போயிட்டிருக்குது" என்று அவர் இரண்டடி நடந்தார். பிறகு நின்று துணியை விலக்கி, புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே நின்ற நீர் சிவந்துதான் இருந்தது.

யாரோ அந்தப் புட்டியைப் பனி கட்டுகிற தகட்டோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பனிக்கட்டியாகி இளகியதில் சிவப்பணுக்கள் உடைந்து நிறம் மேலே ஏறியிருந்தது. அதை ஏற்றியிருந்தால் சென்னியம்மாளின் உயிருக்கே ஆபத்து. வேறு புட்டி எடுத்து, சேருமா என்று மறுபடி பார்க்கக் கால்மணி நேரமானது. அந்தக் கால்மணி நேரமும் மாரக்காள் கதவருகே நின்றாள், காலையிலேயே சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று நினைத்தபடி.

சென்னியம்மாள் பிழைத்தாள். பன்னிரண்டாம் நாள் பிள்ளையோடு ஊருக்குப் போனாள். புட்டி விஷயம் அவளுக்குத் தெரியாது.

புட்டியை மாற்றிய மறுநாளே செங்கோட்டையன், "இனிமே காலைல பாத்தா உடனே சொல்லோணும், மாரக்கா. வையமாட்டேன்" என்றார்.

தை மாதம் மாரக்காள் தானே ரத்தம் கொடுத்தாள். அது எப்படித் தெளிகிறது என்று மூன்று நாள் பார்த்தாள். ஆறாம் நாள் அந்தப் புட்டி, லாரி கவிழ்ந்து கால் நசுங்கிய ஒருவருக்குப் போனது. வேலை முடிந்ததும் அந்த வார்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அந்த ஆள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் திரும்பினாள்.