காதோரத்து எலும்பு

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளமான உருவம், ஒரு நிமிஷம் சும்மா இருக்காத கை. அடையாளம் தெரியாமல் கிடைத்த எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது அவருடைய வேலை. சொந்தக்காரர்களிடம் "லேப்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவைத்திருப்பதால், கல்யாண வீடுகளில் ஆளாளுக்குச் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவரும் சளைக்காமல் வாங்கிப் பார்த்து, "இனிப்பைக் குறைங்க மாமா" என்று சொல்லி அனுப்புவார்.

இந்த வேலைக்கு வருமுன் ஒன்பது வருடம் பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் பல்லைக் குடைந்து, தேய்த்து, மெருகேற்றிவிட்டு, மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கினார். நேர்முகத் தேர்வில் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபோது, "ட்ரில் பிடிக்கத் தெரியும். கை நடுங்காது" என்றாராம். அந்த ஒரு பதிலுக்காகவே எடுத்தேன் என்று இயக்குநர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அறைக்குள் யார் வந்தாலும் முகமூடி, தொப்பி, இரட்டைக் கையுறை போட்டாக வேண்டும் என்பது அவர் சட்டம். ஒருமுறை இயக்குநர் அவசரத்தில் அப்படியே எட்டிப் பார்த்துத் தும்மிவிட்டுப் போனார். அந்த வாரம் ஓர் எலும்பில் அவருடைய டி.என்.ஏ.வே வந்து நின்றது. "சார் செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னு ரிப்போர்ட் அனுப்பிடவா?" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார் எலும்பக்கா. அதிலிருந்து இயக்குநர் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்.

அவர் அப்படி வெளியே நிற்க, ஒருநாள் இருவரும் அடையாளம் தெரியாத எலும்புகள் இருந்த நாற்பத்தொன்றாம் பெட்டியைப் பற்றிப் பேசினார்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு பழைய கல்குவாரியில் தேங்கிய தண்ணீரை இறைத்தபோது, அடியில் ஒரு சைக்கிளும் ஒரு மனித எலும்புக்கூடும் கிடைத்தன. கோப்பில் "ஆண், வயது ஐம்பதுக்கு மேல்" என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை தொடை எலும்பில் முயன்று பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று மூடிவைத்திருந்தார்கள்.

"ரெண்டு தடவை வராதது மூணாவது தடவை மட்டும் வந்துடுமா?" என்றார் இயக்குநர்.

"தொடையில வராது சார். தண்ணியில ஊறிப் போயிருக்கு. காதுக்கு உள்ளே தள்ளி ஒரு எலும்பு இருக்கே, உடம்புலயே அதுதான் கெட்டி. அதுல எடுக்கறேன்."

"வரலைன்னா?"

"வரும் சார்."

மண்டையோட்டைக் கவிழ்த்து வைத்து, முகம் சிதையாதபடி அடிப்பக்கமாகவே துளை போட்டார். ஒரு தேக்கரண்டியில் கால் பங்குகூட வராத வெள்ளைப் பொடி. அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து கரைந்து போக இரண்டு நாள், பிறகு டி.என்.ஏ.வைச் சுத்தப்படுத்தி, பல மடங்காகப் பெருக்கி, இயந்திரத்தில் ஏற்றியது என்று வாரம் ஓடியது. வெள்ளிக்கிழமை மதியம் திரையில் டி.என்.ஏ. வரிசை முழுதாக வந்து நின்றது. ஓர் இடம்கூட விட்டுப்போகவில்லை. எலும்பக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

ஆனால் அந்த வயதில் காணாமல்போனவர்களின் குடும்பங்கள் கொடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டால் யாரோடும் பொருந்தவில்லை. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் பெட்டியைத் திறந்து பல்லைப் பார்த்தார். கடைவாய்ப் பற்களில் மேடுகள் ஐம்பது வயதுக்காரருக்கு இருக்காத அளவுக்குத் தேயாமல் கூர்மையாக இருந்தன. பழைய தொழில் கண்ணுக்குள் விழித்துக்கொண்டது. அன்றைக்கு வயதைக் குறித்த மருத்துவர் ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கே போன் போட்டார்.

"டாக்டர், ஐம்பதுன்னு எதை வெச்சு சொன்னீங்க?"

"முதுகெலும்பு ரொம்பத் தேஞ்சிருந்ததும்மா."

"மூட்டை தூக்கறவர் முதுகா இருந்தா?"

"அப்படின்னா முப்பதாக்கூட இருக்கலாம்" என்றார் அவர்.

ஐம்பது வயதுக்குக் கீழே காணாமல்போனவர்களின் குடும்பங்களை யாரும் இதுவரை ஒப்பிட்டே பார்க்கவில்லை. வயது வரம்பை எடுத்துவிட்டுத் தேடினார். ஒரு தையல்காரப் பெண் கொடுத்த மாதிரி ஓரளவு பொருந்தி வந்தது. சந்தையில் மூட்டை தூக்கிய தன் அண்ணனைத் தேடி, பதினோரு வருடங்களுக்கு முன் அவர் மாதிரி கொடுத்திருந்தார். அண்ணன் இருபத்தாறு வருடங்களுக்கு முன், முப்பத்திரண்டு வயதில், வேலைக்குப் போனவர், வீடு திரும்பவில்லை.

உடன்பிறந்தவர்களுக்குள் எவ்வளவு பொருந்தும் என்பதை அடித்துச் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளை என்றால் சரிபாதி பொருந்தியே ஆகவேண்டும். அந்த அண்ணனுக்கு ஒரு மகள் இருந்தாள். அப்பா போனபோது இரண்டு வயது, இப்போது இருபத்தெட்டு, சொந்தமாக ஒரு மெக்கானிக் கடை வைத்திருந்தாள். வழக்கைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் போய் மாதிரி கேட்டதற்கு, "எங்களை விட்டுட்டு ஓடினவர் எங்கயோ நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிட்டாளாம்.

அடுத்த தடவை எலும்பக்காவும் கூடப் போனார். அது அவர் வேலையே இல்லை. கடைவாசலில் படுக்கப் போட்டிருந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க யாரு?" என்றாள் மகள், கையைத் துடைத்துக்கொண்டே.

"லேப்ல வேலை செய்யறவ. அந்த எலும்பைக் கையில எடுத்துப் பார்த்தவ நான்தான்."

"அவர் ஓடிப்போனவருங்க. அம்மா சாகற வரைக்கும் அதைத்தான் சொன்னாங்க. அத்தை மட்டும்தான் எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லைன்னு சண்டை போடும். அதனாலயே பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு."

"ரெண்டு பேர்ல யார் சொன்னது சரின்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா கண்டுபிடிக்க முடியும். அவர் இல்லைன்னு வந்தா, நீ திட்டறதை நிம்மதியாத் திட்டிக்கிட்டே இருக்கலாம்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரேன்னு வந்தா?"

"வந்தா வந்து சொல்றேன். மறைக்க மாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. ஒவ்வோர் இடத்திலும் பாதி, தவறாமல். எலும்பக்கா அதை இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

காவல் நிலையத்தில் ஒரு நீள பெஞ்சில் அத்தையும் மருமகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னபடி எலும்பக்காவும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் விவரத்தைச் சொன்னார். இடுப்பெலும்பும் காலும் விழுந்ததில் உடைந்தவை. அடித்ததற்கான அடையாளம் எங்கேயும் இல்லை. குவாரி விளிம்பை ஒட்டி ஒரு குறுக்குப் பாதை இருந்தது; சந்தையிலிருந்து அவர் வீட்டுக்கு அதுதான் கிட்டத்து வழி. எப்படி விழுந்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சைக்கிளின் முன்சக்கரம் வீட்டுப் பக்கமாகத் திரும்பியிருந்ததா என்றுகூடத் தெரியாது. ஆனால் விழுந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான்.

அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாரா?"

"அந்தப் பாதை வேற எங்கயும் போகாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அம்மாகிட்ட இப்ப யார் போய்ச் சொல்றது?" என்று கேட்டாள் அவள். அத்தை நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கிரீஸ் கறை போகாத அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எலும்புகளைப் பெற்றுக்கொள்ளும் படிவத்தில் பெயர் எழுதும்போது மகளின் பேனா நின்றது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அம்மாவின் இனிஷியலைத்தான் போட்டு வந்திருந்தாள்.

"ரெண்டையும் போடலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா" என்றார் எலும்பக்கா.

அடக்கத்துக்கு அவரையும் கூப்பிட்டார்கள். போய், பின்வரிசையில் நின்றுவிட்டு, மறுநாள் காலை எட்டரைக்கு வேலைக்கு வந்துவிட்டார். வந்த கையோடு இயக்குநரிடம் ஒரு பட்டியலை நீட்டினார். முதுகெலும்பை மட்டும் வைத்து வயது குறித்த பெட்டிகள் பதினொன்று இருந்தன. எல்லாவற்றையும் திரும்பத் திறக்க வேண்டும் என்றார்.

"பதினொண்ணுமா?"

"ஒண்ணு விடாம சார்."

ஒன்றரை வருடத்தில் நான்கு பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. ஒருவர் விஷயத்தில் எலும்பக்காவின் கணக்கே தப்பாகிப்போனது. இறந்தவர் நிஜமாகவே அறுபது வயதுக்காரர். அதையும் மறைக்காமல் கோப்பில் தன் கையாலேயே எழுதிவைத்தார். இப்போது மேஜைமேல் இருப்பது ஒரு பெண். இடது கடைவாய்ப் பல்லில் யாரோ பொறுமையாக அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேலை என்கிறார் எலும்பக்கா. இன்னும் மூன்று வாரத்தில் யாரென்று தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார்.