நடவு வயலில் பாவசங்கீர்த்தனம்

நனைந்த குடையை விரித்துக் காயவைத்தபோது எழுந்த வாடையில் எங்கள் மாதா கோயில் பங்குச்சாமியார் நினைவுக்கு வந்தார். நடவு நாட்களில் கோயிலுக்குப் போக யாருக்கும் நேரமிருக்காது என்பதால், அவரவர் செய்த பாவங்களைத் தனியாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க அவரே வாய்க்கால் வரப்புக்கு வந்து, கறுப்புக் குடையின் கீழ் உட்கார்ந்துகொள்வார். பெண்கள் சேற்றுக்காலோடு ஒவ்வொருவராகக் கரையேறுவார்கள். "அவசரமில்லம்மா, நிதானமாச் சொல்லுங்க" என்பார். சொல்வது தங்கள் காதில் விழாதிருக்க, வயலில் நிற்பவர்கள் நடவுப்பாட்டை உரக்க எடுப்பார்கள். ஒருமுறை செசிலி அத்தை அவர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "இன்னும் சத்தமாப் பாடுங்கடி!" என்று அதட்டினாள் அம்மா. மதகைத் தாண்டிப் போயிற்று அந்தப் பாட்டு. வயலெல்லாம் இப்போது மனைக்கற்கள். அத்தை என்ன சொன்னாள் என்பது அவளோடு நட்ட ஒருத்திக்கும் இன்றுவரை தெரியாது.